ராமுத்தாய் வாசித்த பலகை

ராசிங்காபுரத்து ராமுத்தாய்க்கு மலையாளத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் ஏலக்காய் எடுக்கப் போகிற ஜீப்பு போடிமெட்டைத் தாண்டியதும், வழியிலுள்ள மலையாளப் பலகைகளை எல்லாம் அவள்தான் வாசிப்பாள்.

"ராசா மகளுக்குப் பேன் பாக்க ஆள் வேணுமாம்" என்பாள். அடுத்த பலகை வந்ததும், "போனவளுக்கும் பேன் தொத்திருச்சாம், ராசா ரெண்டு பேருக்கும் மொட்டை போட்டுட்டாராம்" என்பாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஒருநாள், தோட்டத்துக் குறுக்குப் பாதையில் புதுப் பலகை ஒன்று தொங்கியது. தோட்டம் முழுக்கத் தமிழ்ச் சனம் பாடுபட்டும், அதில் தமிழில் ஒரு வரி எழுத முதலாளிக்கு மனசில்லை. பின்தங்கி வந்த ராமுத்தாயிடம் காவல்காரன் விஷயத்தைச் சொன்னான். அவள் தலைதெறிக்க ஓடினாள்.

"போகாதீங்கடி! பாறைக்கு வெடி வச்சிருக்காம். அதத்தான் எழுதியிருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். முன்னால் போன சுந்தரம்மாள், "வெடி யாருக்கு மதினி, ராசாவுக்கா?" என்று கேட்டபடியே நடந்தாள். ராமுத்தாய் மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். அதற்கும் சிரித்தார்கள்.

சாயங்காலம் சுந்தரம்மாளைச் சாக்கில் சுற்றி அதே ஜீப்பில் ஊருக்கு இறக்கினார்கள்.

அதன்பின்னும் பல வருஷம் ராமுத்தாய் அந்த ஜீப்பில் போய் வந்தாள். பலகைகளும் வழிநெடுக வந்துகொண்டுதான் இருந்தன. ஒருத்தியும் வாசிக்கச் சொல்லவில்லை.