பேத்தமங்களா: போட்டோவில் இல்லாதவள்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அப்பா தங்கச் சுரங்கத்தில் உழைத்து பேத்தமங்களா ஏரிப் பக்கம் வாங்கிய இரண்டு ஏக்கரை அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டபோதும் நான் பேசவில்லை. போன மழையில் அந்த நிலத்துத் தக்காளி அழுகியது. அரசின் பயிர் நிவாரணம், ஒரு நாற்றுகூட நடாத அண்ணனுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். நேரில் பார்த்து, என் பெயரிலேயே எழுதி அவரை நாறடிப்பது என்று சனிக்கிழமை கிளம்பினேன்.

பெங்களூரிலிருந்து பாசஞ்சர் ரயில், முப்பது ரூபாய், இரண்டரை மணி நேரம். ராபர்ட்சன்பேட்டையில் பத்தரைக்கு ஆட்டோ பிடித்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர், காத்திருப்பு சேர்த்து ஐந்நூறு. ஓட்டுநர் ஆரோக்கியம் சிரித்தார். “ஊரே பெங்களூருக்கு ஓடுது, நீங்க இன்னா சார் எதிர்ல வர்றீங்க?”

நிலத்தைக் குத்தகைக்கு உழும் ரத்னம்மா என்னைக் கண்டதும் வரப்பைத் தாண்டி ஒதுங்கினார். என் முகம் அண்ணன் முகம். தம்பி என்று புரியவைக்கவே பத்து நிமிடம் ஆனது.

இந்தப் பக்கம் குத்தகைக்குக் காகிதம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். பயிர்ச் சேதம் பார்க்க ஆள் வந்தபோது, நிலத்துக்காரர் நின்றால்தான் ஆபீஸ் நம்பும் என்று ரத்னம்மாவே அண்ணனுக்கு போன் செய்திருக்கிறார். அண்ணன் இஸ்திரிச் சட்டையில் வந்து, அழுகிய தக்காளியைக் கையில் ஏந்தி போட்டோவுக்கு நின்றாராம். ரத்னம்மா ஓரமாக நின்று அவர் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். பிறகு ரத்னம்மா பணத்தைக் கேட்கப் போனதற்கு அண்ணன் சொன்ன பதில்: “போட்டோவுல நீ எங்க இருக்கே, காட்டு.”

நான் நோட்டை எடுத்தேன். ரத்னம்மா கையை நீட்டித் தடுத்தார். அடுத்த வாரம் நட வேண்டிய நாற்று பக்கத்தில் நின்றது.

“உங்க பேரு போட்டீங்கன்னா, யார் சொன்னதுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும் சார். நாத்தோட என்னைத் தூக்கி ரோட்ல போட்டுருவாரு.”

அப்போது ஆரோக்கியம் மெதுவாக வந்தார். “ஏறுங்க சார். அந்த வெள்ளைக் காரு மூணாவது வாட்டி போவுது. துண்டால மூடிக்கோங்க, உங்க மூஞ்சியே அட்ரஸ் மாதிரி இருக்குது.”

அண்ணனிடமும் வெள்ளைக் கார்தான். ராபர்ட்சன்பேட்டை வரை துண்டை எடுக்கவில்லை. பின்னால் வந்த ஒவ்வொரு ஹாரனுக்கும் துண்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன். ஐம்பது வயதில், பிறந்த ஊரில், முகத்தை மூடிக்கொண்டு போனேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆட்டோவுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். வாய்ப்பேச்சில் உழுகிறவர்கள் யாராவது படித்தால்: போட்டோ எடுக்கும்போது நீங்களும் நில்லுங்கள். பணம் நிலத்துக்காரர் பெயருக்குத்தான் போகும், தெரியும். இருந்தாலும் நில்லுங்கள்.

அண்ணன் பெயரும் என் பெயரும் சேர்ந்து வெளியாவதைப் பல வருடம் மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இப்போது ரத்னம்மாவின் பெயரை மாற்றிவிட்டேன், பயிரையும் மாற்றிவிட்டேன். என் பெயர் இல்லாவிட்டால் இந்த அண்ணன் அந்த ஏரியைச் சுற்றியுள்ள யாருடைய அண்ணனாகவும் இருக்கலாம். அதனால் பெயர் போடாமலே பதிவிடுகிறேன்.