நான் வெட்டச் சொன்ன பேனர்

இசக்கி, உன்னிடம் சொல்லாததை இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் தென்காசியில் மாணவர்களுக்கான தொழில்முனைவோர் போட்டிக்கு நானும் இசக்கியும் சேர்ந்து போனோம். ஐந்தருவியில் குளிப்பவர்கள் ஈரத்துணியைக் கொண்டுபோக, பழைய பிளெக்ஸ் பேனரில் பை தைத்தோம். யோசனையும் தையலும் அவளுடையவை. பேசுவது மட்டும் நான்.

முந்தின நாள் கடைசிப் பைக்குப் பேனர் போதவில்லை. அவள் வீட்டில் அவளுடைய அப்பாவின் கண்ணீர் அஞ்சலி பேனர் சுருட்டி வைத்திருந்தது.

"அத வெட்டுட்டி. படம் உள்பக்கம்தான போவுது, யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"எங்கப்பா மொகம்லாட்டி."

"ஒரு பை கொறஞ்சா தோத்துருவோம்" என்றேன். வெட்டினாள்.

மறுநாள் நடுவர் அந்தப் பையைத்தான் எடுத்தார். உள்பக்கத்தைத் திருப்பினார். பாதி முகம் தெரிந்தது. "செத்தவங்க படத்துலயா பை தைப்பீங்க?" என்றார். அரங்கமே சிரித்தது.

"எனக்குத் தெரியாது சார். அவதான் தச்சா" என்றேன்.

இசக்கி என்னை ஒருமுறை பார்த்தாள். "ஆமா சார், நான்தான். அது எங்கப்பா" என்றாள். சிரிப்பு நின்றது.

திரும்பும்போது பஸ்ஸில், "மூஞ்சியத் தொங்கப் போடாத. ஜன்னல் பக்கம் உக்காருட்டி" என்று இடம் விட்டாள்.

மன்னிப்புக் கேட்பதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அந்த வருடமே காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அதன்பின் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அவள் அம்மா இன்றும், "எம்மவ கூட்டாளி" என்று எனக்குச் சோறு போடுகிறார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் மட்டும் வேண்டினால் போதாது. நீங்கள் எல்லோரும் இசக்கிக்காக ஒருமுறை வேண்டிக்கொள்ளுங்கள்.