டெல்மா வீட்டுத் துணிக்கொடி

சிங்கப்பூரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை டெல்மாவுக்கு. பிலிப்பைன்ஸில், பதங்காஸ் பக்கம் அவள் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு வருஷம் முழுக்கப் பூட்டியே கிடந்தது. ரெண்டு வருஷத்தில் ரெண்டு தடவை திருடன் புகுந்துவிட்டான். முதல் தடவை கேஸ் சிலிண்டர் போனது. அடுத்த தடவை மின்விசிறியோடு, மாடத்திலிருந்த குழந்தை இயேசுவின் பட்டு அங்கியையும் உருவிக்கொண்டு போய்விட்டான். வயிறெரிந்துபோய், ஆள் நடமாடினால் போனுக்குச் சேதி அனுப்பும் கேமராவை முற்றத்தில் மாட்டினாள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் கூவியது. பார்த்தால், கேட் சாவியைக் கொடுத்து வைத்திருந்த பக்கத்து வீட்டு நெனீத்தா, டெல்மாவின் கொடியில் தன் புருஷனுடைய கால்சட்டைகளை வரிசையாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டெல்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே கூப்பிட்டாள்.

"ஏன்க்கா, உங்க வீட்ல கொடியே இல்லையா?"

"உன் கேமரா திருடனைப் படம்தான்டி பிடிக்கும். ஆம்பளத் துணி தொங்குற வீட்ல எவனும் சுவரேற யோசிப்பான். தெருவே உன் கொடிக்கு முறை போட்டிருக்கோம். நீ போய் வேலையைப் பாரு."

அதற்கப்புறம் எவனும் புகவில்லை. டெல்மா தினமும் சாப்பிடும்போது போனில் கொடியைப் பார்ப்பாள். மூலை வீட்டில் குழந்தை பிறந்த சேதியே அதில் தொங்கிய குட்டிச் சட்டைகளைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் லீவில் வந்தவள், துவைத்த துணியை வாளியோடு முற்றத்துக்குத் தூக்கி வந்தாள். கொடியில் ஒரு விரல் இடமில்லை.

"இன்னைக்கு மீன்காரர் வீட்டு முறை," என்றாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நெனீத்தா. "உனக்கு ஞாயித்துக்கிழமை."