பூச்சி காட்டும் பரீட்சை

எங்கள் அத்தைக்கு ஊர் வைத்த பெயர் மருந்தக்கா. மருந்துக்கடையில் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வெண்டை வயலில் இறங்கினால் எறும்பு, சிலந்தி, பக்கத்து வயல்காரரின் பொறுமை எதுவும் மிஞ்சாது. தன் காயில் ஒரு புழுவைக் காட்டுகிறவருக்கு மாமாவையே பரிசாகக் கொடுப்பதாகச் சவால் விட்டிருந்தாள். மாமாவும் ரொம்ப நாள் நம்பிக்கையோடு புழு தேடினார்.

அப்புறம் காய் வாங்குகிற வெளிநாட்டில் சட்டத்தை மாற்றினார்கள். மருந்து பட்ட காய்க்குத் துறைமுகத்திலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். அத்தையின் காய் போன வேகத்தில் கப்பலேறித் திரும்பி வந்தது, அழுகி. பிறகு ஒரு காலையில் தெளிப்பானைத் தூக்கிப் பழைய சாமான்காரரிடம் போட்டாள்.

மூன்று வருடம் மருந்தைத் தொடாமல் இருந்தால்தான் இயற்கை விவசாயச் சான்றிதழ்; அது இருந்தால்தான் காய் மறுபடி கப்பலேறும். முதல் வருடம் பாதிப் பயிரைப் புழு தின்றது; அத்தையைக் கவலை தின்றது. அடுத்த வருடம் பூண்டும் மிளகாயும் அரைத்துக் கரைத்துத் தெளித்தாள். வயலுக்குள் போனவர்களெல்லாம் தும்மிக்கொண்டே வெளியே வந்தார்கள். மூன்றாம் வருடம் காய்கள் மறுபடி விறைப்பாக நிமிர்ந்து நின்றன. கடைசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி. ஆய்வாளர் மேடம் வீடியோவில் வயலைப் பார்ப்பார். மருந்து இல்லை என்பதற்குச் சாட்சியாக அங்கே பூச்சி உயிரோடு நடமாட வேண்டும். இல்லையென்றால் மூன்று வருடத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்றைக்கென்று பார்த்து விடிந்ததிலிருந்து தூறல். ஒரு பூச்சிகூட வெளியே தலை நீட்டவில்லை.

நான் ஒரு பாட்டில் நிறைய வெட்டுக்கிளி பிடித்து வந்து நீட்டினேன்.

"எங்கடி பிடிச்ச?"

"பள்ளிக்கூட மைதானத்துல. நான் அங்க போறதே இதுக்குத்தானே அத்தை."

"ஆள் பிடிச்சுக் கூட்டம் காட்டுறதுக்கு இது என்ன கட்சி மாநாடா? நான் பட்ட பாட்டுக்கு என் வயல் பூச்சிதான் பதில் சொல்லணும். கொண்டுபோய் விட்டுட்டு வா."

விட்டுவிட்டு வந்து போனைப் பிடித்துக்கொண்டேன். திரையில் மேடம் வந்தார். வரப்பெல்லாம் தவளைகள் கத்திய கத்தலில் அவர் பேசியது பாதிதான் கேட்டது.

"பூச்சி எங்கம்மா?"

"இருக்குங்க மேடம். மழைக்கு உள்ள போய் உக்காந்திருக்கு."

அத்தை இலை இலையாகப் புரட்டினாள். காலமெல்லாம் பூச்சியைக் கொன்றவள், "வாடா ராசா, ஒரு தடவை மூஞ்சியைக் காட்டிட்டுப் போ" என்று கெஞ்சினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மழைச்சாரல் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஓர் இலையின் அடியில் அந்துப்பூச்சி ஒன்று.

"மேடம், இதோ பாருங்க."

போனைக் கிட்டே கொண்டுபோனேன். கீழேயிருந்து ஒரு தவளை எம்பியது. பூச்சியைக் காணோம். தவளை கண்ணை இறுக மூடி விழுங்கிவிட்டு எங்களைப் பார்த்தது.

அத்தை அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி, இருந்த ஒரே சாட்சியையும் தின்னுட்டியே." மண்ணாங்கட்டியை எடுத்து ஓங்கினாள்.

"அடிக்காதீங்கம்மா. அதோட வயித்தைக் காட்டுங்க," என்றார் மேடம். குரலில் சிரிப்பு இருந்தது. "ஒரு பூச்சி தின்னு வளர்ந்த வயிறா அது? இத்தனை தவளை கத்துதே, ஒண்ணாவது பட்டினி கிடக்கிற மாதிரியா இருக்கு? மருந்தடிக்கிற வயல்ல இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல."

"அப்போ மேடம்..."

"பறிக்க ஆள் சொல்லி வைங்க. சான்றிதழ் வந்துடும்."

மாமா குடையோடு ஓடி வந்தார். "பாஸா?"

"பாஸ்," என்றேன்.

"உங்க அத்தையா, தவளையா?"

அத்தை செடியிலிருந்து ஒரு பிஞ்சை ஒடித்து, கழுவாமல், நறுக்கென்று கடித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விற்கிற காயை எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைத்ததில்லை. வீட்டுக்கென்று கிணற்றோரம் மருந்து படாத தனிப் பாத்தி. அவள் மென்று விழுங்கிவிட்டு எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொன்று ஒடித்துக் கொடுத்தாள்.

"கப்பல்ல போறதை நாமளே தின்னுட்டா எப்படி?" என்றார் மாமா, வாய் நிறைய.

"அவங்களுக்கு மிச்சம் இருந்தா போகட்டும். நீங்க தின்னுங்க."