பாதரசத்துக்குக் காவல்

எங்கள் நிலத்தில் தங்கம் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் சித்தப்பாதான். மண்ணைத் தோண்டிக்கூடப் பார்க்காமல் கண்டுபிடித்தார்.

கரடியூருக்கு மேலே சாமையும் காப்பியும் போட்டிருந்த சரிவில் அலுமினியக் கல் இருக்கிறதா என்று பார்க்க, கீழேயிருந்து ஒரு கம்பெனி கெமிஸ்ட் வந்திருந்தார். அப்பா ஒரே ஒரு குழிக்குத்தான் சம்மதித்திருந்தார். சரிவு முழுக்கக் குழி வெட்ட வேண்டும் என்று கெமிஸ்ட் கேட்டதும், “ரோசன பண்ணிச் சொல்றனுங்க” என்று இழுத்தார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு நிலம்தான்.

கெமிஸ்ட் தன் சாமான்களை எங்கள் காப்பிக்கொட்டை அறையில் வைத்திருந்தார். ஜன்னல் வழியே பாதரசத்தைப் பார்த்துவிட்டு வந்த சித்தப்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“அலுமினியச் சட்டி சந்தையிலயே கெடைக்குது. அதுக்கு ஆராச்சும் ஜீப்பு போட்டு மலையேறி வருவாங்களாண்ணா? தங்கத்தைப் பாதரசம் குடிச்சுப்போடும். அப்படியே தூக்கிட்டுப் போயிருவான்.”

மறுநாள் நாங்கள் மூவரும் அந்த அறைக்குள் போய் நின்றோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் எனக்கும் ஒரு வேலை இருந்தது. “பாதரசத்த உட்டுக் கண்ண எடுக்காத கண்ணு” என்றார் சித்தப்பா.

கெமிஸ்ட் கோபப்படவில்லை. கண்ணாடிக் குடுவையின் அடியில் பாதரசம் கிடந்தது. அதன்மேல் எங்கள் மண்ணை அமிலத்தில் கரைத்த மஞ்சள் நீர். பேட்டரியிலிருந்து வந்த கம்பிகளை இரண்டிலும் இறக்கினார். “கரண்டு பாய்ஞ்சா இரும்பு மட்டும் பாதரசத்துக்குள்ள இறங்கிடும். மிச்சம் தண்ணியிலயே நிக்கும்.”

“மிச்சம் கெடக்கட்டுங்க. பாதரசத்துல என்ன இருக்குதுன்னு காட்டுங்க போதும்” என்றார் சித்தப்பா.

நேரம் போகப்போக மஞ்சள் வெளுத்து, தண்ணீர் ஊற்றுநீர் போலத் தெளிந்தது. கெமிஸ்ட் அதை ஒரு புட்டியில் வடித்துக்கொண்டு, பாதரசத்தைத் தட்டில் ஊற்றி எங்கள் பக்கம் தள்ளினார். உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றி வந்த காந்தத்தைச் சித்தப்பா மடியிலிருந்து எடுத்தார். தங்கம் காந்தத்துக்கு அசையாதே. காந்தத்தை அருகில் கொண்டுபோனதும், மேலே படிந்திருந்த சாம்பல் ஆடை அதை நோக்கி நகர்ந்தது.

“வெறும் இரும்புதாண்ணா” என்றார், இழவு வீட்டில் பேசுவதுபோல.

அப்பாவுக்கோ நிம்மதி. “நீங்க நாளைக்கே வெட்டிக்குங்க சார். தங்கமா இருந்தாத்தானே நமக்குப் பயம்.”

இரும்பை நீக்கிய பின் தண்ணீரில் நிற்பதுதான் அலுமினியம், அதை அளக்கத்தான் அத்தனை ஏற்பாடும் என்று கல்லூரி ஆய்வகத்தில் நான் படித்தபோது, எங்கள் சரிவு செம்மண் பள்ளமாகியிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் வாழவந்திப் பக்கம் யாரோ ஒருவரின் எஸ்டேட்டில் காப்பி பறித்துக்கொண்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்தால், அந்தக் கெமிஸ்ட் எங்களிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

சோதனை நடந்த அன்று மாலை அவர் பாதரசத்தை அறையிலேயே விட்டுவிட்டு, அந்தப் புட்டியை மட்டும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் வளைவில் மறையும்வரை நான் கதவருகே நின்று பாதரசத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.