அக்காவுக்காக நிற்காத நீதிமன்றம்

அக்கா போய் ஓர் ஆண்டு ஆகிறது. இப்போதும் விடிகாலை அரைத் தூக்கத்தில், கறுப்புக் கோட்டை உதறி மாட்டிக்கொண்டு அவர் என் கட்டிலைக் கடந்து போகிறார். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார், நிற்பதில்லை. உயிரோடு இருந்தபோதும் வேலைநாள் காலையில் அவர் யாருக்காகவும் நின்றதில்லை.

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய வீட்டில் அக்கா பிறந்தார். வெயில் பச்சையாக இறங்கும் அந்த நிழலில் உட்கார்ந்துதான் படித்தார். ஒரு வருடம் கொடியெல்லாம் அழுகிப்போய், படிப்பை நிறுத்தும் பேச்சு வந்தது. அக்கா அசரவில்லை. விடியுமுன் அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கொடுத்துவிட்டு, சேலத்துச் சட்டக் கல்லூரிக்குப் பஸ் ஏறினார். பாதிச் சட்டம் பஸ் தூக்கத்தில் படித்தது என்பார். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் கேஸ் கட்டோடு எழுந்து போய்விடுவார்.

நாமக்கல்லில் வக்கீலானதும் மாநில வழக்கறிஞர் சங்கத்தில் சேர்ந்தார். சங்கம் ஞாயிறுதோறும் நடத்திய இலவசச் சட்ட முகாம்களில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "மொதல்ல இருந்து சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிடுவார். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தப் பொறுமையில் கால்வாசியை வீட்டில் எங்களிடம் காட்டியிருக்கலாம்.

அதே சங்கத்தோடு அக்காவுக்கு ஒரு சண்டையும் இருந்தது. வழக்கறிஞர் ஒருவர் இறந்தால், மரியாதைக்காக அன்று மற்றவர்கள் யாரும் நீதிமன்ற வேலைக்குப் போக மாட்டார்கள். வழக்குகள் வாய்தாவுக்குத் தள்ளிப்போகும். சேதி தெரியாமல் ஊர்களிலிருந்து வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். வேலை முடிந்தபின் இரங்கல் கூட்டம் வைப்போம் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"செத்தவருக்கு அந்த மரியாதைகூட வேண்டாமுங்களா?" என்றார் சங்கத் தலைவர்.

"அப்ப என் சாவுல இருந்து ஆரம்பிங்க" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்களாம்.

நோய் முற்றி சேலம் அஸ்தம்பட்டி மருத்துவமனையில் இருந்தபோது, அக்காவின் நினைவெல்லாம் எருமப்பட்டி முகாமில் சந்தித்த ஒரு பெண்ணைப் பற்றியே இருந்தது. புருஷன் இறந்ததும் வீட்டைக் கொழுந்தனார் பூட்டிவிட, பிள்ளைகளோடு மாட்டுக் கொட்டகையில் இருந்தவர். அவருக்காக அக்கா போட்ட வழக்கில் அந்த வாரம் உத்தரவு வரவேண்டும்.

"சாமி, நான் போயிட்டன்னு கோர்ட்டை நிறுத்த உட்டறாத. அந்தப் புள்ள இன்னொரு வாய்தாவுக்குத் தாங்காது" என்றார் என்னிடம்.

உத்தரவு வரவேண்டிய அன்று காலையிலேயே அக்கா கண்மூடினார். நான் சங்கத் தலைவரை அழைத்து அக்காவின் சொல்லைச் சொன்னேன். "சரிங்க தம்பி. சாயங்காலம் வாரோம். அதுவரைக்கும் எடுத்தறாதீங்க" என்றார்.

"ஒரு வக்கீல்கூட வரல. ஊரு என்ன பேசும்?" என்று பெரியப்பா பகலெல்லாம் பொருமினார். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா, பஸ்ஸில் தூங்குகிறவரைப் போல நிம்மதியாக இருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையிலிருந்து கறுப்புக் கோட்டுகள் வந்தன. கேஸ் கட்டுகளைக்கூட எங்கும் வைக்காமல் நேராக வந்திருந்தார்கள். பின்னால் அந்த எருமப்பட்டிப் பெண், கையில் பூட்டைத் திறக்கச் சொன்ன உத்தரவோடு. கோர்ட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்குச் சேதியைச் சொன்னார்களாம். பெட்டியின் மேல் கை வைத்து, "கோர்ட்டு நடந்துச்சுங்களே அம்மிணி, நீங்க நல்லா இருக்கறீங்கன்னுதான நெனச்சேன்" என்றார்.

பெரியப்பா உடைந்து அழுதார்.

அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. அன்று துக்கத்தை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போய், ஒரு பெண்ணின் மனதில் மாலைவரை எங்கள் அக்காவை உயிரோடு வைத்திருந்த வழக்கறிஞர்களை இந்தக் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது.