அழ வைக்கக் கூப்பிட்ட வீடு

போன வாரம் மோட்டார் சுவிட்சைப் போடச் சொல்லலாம் என்று மாடியில் மகன் அறைக்குப் போனேன். நாற்பத்தொரு வயது அவனுக்கு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆரணியில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறான். அன்று லீவு. சுவரில் பெரிய டிவி. நம் கடைக்கு வந்ததிலேயே பெரியது, நானே பொறுக்கி எடுத்து மாட்டியது. அதில் பனி கொட்டிக்கொண்டிருந்தது, பனியில் ஒரு கழுதை சாய்ந்து கிடந்தது. இவன் காதில் ஹெட்போன், கையில் விளையாடுகிற ரிமோட்டு, கன்னம் முழுக்கக் கண்ணீர்.

தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றினான்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல நைனா. கேமு."

"கேமுக்கா அழுதுகினு கீற?"

"கழுத செத்துப்போச்சு. பத்து நாளா என்கூடவே வந்துகினு இருந்துது. நான்தான் ஜல்தியா போலாம்னு மலமேல ஏத்திட்டேன்."

சிரிக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சிரிக்கவில்லை. சினிமாவில் ஒரு ஜீவன் செத்தால் கதை எழுதினவன் மேல் பழியைப் போட்டுவிட்டு முறுக்கு தின்னலாம். இதில் ஓட்டிப்போனவன் இவனே. பழி வேறு ஆள் மேல் போகாது. அழுகையிலும் இப்படிப் புது ரகம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கினேன். மோட்டார் போடச் சொல்ல மறந்துவிட்டேன். ஆனால் என்னை உறுத்தியது கழுதை அல்ல. அந்த அறையில் துளி சத்தம் இல்லை. ஒரு ஆளை அழ வைத்ததெல்லாம் அவன் காதுக்குள் மட்டும் நடந்து முடிந்துவிட்டது.

அழுகையைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று பஜாரில் மூன்று மாடிக் கடை, ஃபிரிட்ஜிலிருந்து இட்லி குக்கர் வரைக்கும் எல்லாம் கிடைக்கும். இந்த மூன்று மாடிக்கும் அஸ்திவாரம் ஊர்க்காரர்களின் கண்ணீர். ஆரம்பத்தில் டூரிங் கொட்டகையில் சோடா விற்றேன். ரீல் மாற்ற விளக்குப் போடுவார்களே, அந்த இடைவெளிதான் என் வியாபாரம். அழுதவனுக்குத் தாகம் எடுக்கும், சிரித்தவனுக்குப் பசிக்கும். அழுகைப் படம் வந்தால் சோடா ஒரு பெட்டி கூடுதலாகக் கட்டுவேன். சிரிப்புப் படம் என்றால் முறுக்குத் தூக்கு. யாரும் சொல்லிக்கொடுத்த பாடமில்லை, நானே கண்டுபிடித்தது.

படம் ஓடும்போது நான் திரைக்கு முதுகைக் காட்டி நிற்பேன். எவனுக்குச் சோடா வேண்டும் என்று பார்க்க வேண்டுமே. அதனால் என் வயதுக்காரர்கள் பார்த்த படமெல்லாம் நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் முகங்களில் பார்த்திருக்கிறேன். திரை வெளிச்சம் முகத்தில் விழும். உதடு முதலில் இழுக்கும், பிறகு மூக்கு, கண் கடைசியில். அது எந்தப் படம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மணல் குவித்து உட்கார்ந்திருந்த கிழவர் எந்த இடத்தில் துண்டை எடுத்தார் என்று கேட்டால் சொல்வேன்.

அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் சேவூர்க் கன்னியப்பன். பட்டுத் தறி நெய்கிறவர். உறவு இல்லை, ஆனால் நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குச் சிரிப்பு தாமதமாகத்தான் வரும். கொட்டகை முழுக்கச் சிரித்து முடித்து அடங்கிவிடும். அப்புறம் எங்கோ நடுவிலிருந்து, தண்ணீர் ஏறாத கைபம்பு மாதிரி இரண்டு இழுப்பு இழுத்து, பிறகு கொட்டும். அந்தச் சிரிப்புக்குக் கொட்டகை இன்னொரு தடவை சிரிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் சம்சாரம் சுலோசனா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மானம் போவுது, எழுந்து வாய்யா" என்று முழங்கையால் இடிக்கும். அவர் எழுந்ததே இல்லை. கொஞ்ச நாளில் ஜனங்களுக்கே பழகிவிட்டது. ஒரு தமாஷ் முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவருக்காகக் காத்திருப்பார்கள்.

பிறகு கொட்டகை போய், கேசட்டு போட்டுப் படம் காட்டுகிற வீடியோ டெக்கு வந்தது. ஆரணியில் டிவியும் டெக்கும் வாடகைக்கு விட்டவர்களில் முதல் இரண்டு மூன்று பேரில் நான் ஒருத்தன். முதல் ஆள் நான்தான் என்று பல இடத்தில் சொல்லியிருக்கிறேன், இங்கே வேண்டாம். ஒரு டிவி, ஒரு டெக்கு, மூன்று கேசட்டு. எல்லாவற்றையும் மெத்தையில் சுற்றி, மூன்று சக்கர வண்டியில் வைத்து நானே மிதிப்பேன். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, வளைகாப்பு, எதற்கும் கூப்பிடுவார்கள். எந்த ஊருக்கு எந்தப் படம் என்பது என் கணக்கு. போளூர் பக்கம் தாய் பிள்ளைப் படம். சேவூரில் அண்ணன் தங்கச்சி. தேவிகாபுரத்தில் மாடு சாகிற படம் ஒன்று போட்டேன். கதாநாயகி செத்தபோது வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆம்பிளைகள், மாடு விழுந்ததும் உடைந்துபோனார்கள். ஒருவர் எழுந்து போய்த் தன் கொட்டிலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உம் மாடு சௌக்கியமா?" என்று பக்கத்து ஆள் கேட்டார்.

"நிக்குது" என்றார் இவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இப்படிப் பேர் வாங்கியிருந்த காலத்தில்தான் கன்னியப்பன் மாமா செத்துப்போனார். நெஞ்சுவலி. தறியிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. நான் மாலையோடு போய்விட்டு வந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துச் சுலோசனா அக்காவின் தம்பி நடேசன் என் கடைக்கு வந்தார். அப்போது கடை என்பது ஒரு கதவு அகலம்தான்.

"அண்ணே, எங்கக்கா இன்னும் அழலண்ணே" என்றார்.

"இன்னாய்யா சொல்ற?"

"ஒரு சொட்டு இல்ல. தாலி எடுத்தப்பவும் இல்ல. ஒப்பாரி வெக்கிற பொம்பளைங்கள இட்டாந்து பாத்தோம். பெரியவங்க கிள்ளிப் பாத்தாங்க, திட்டிப் பாத்தாங்க. பஸ்ஸுல போறவ வெளிய பாக்கற மாரி பாத்துகினு கீது. நெஞ்சுல நின்னுபோனா புத்தி பேதலிச்சிடும்னு சொல்றாங்க. உன் கைல இன்னா படம் கீது?"

நீங்கள் சிரிக்கலாம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, கர்வம் வந்தது. டாக்டரைத் தேடி வந்த மாதிரி இருந்தது. "நாளைக்கு மத்தியானம் வரேன். உங்கக்கா அழல, இந்த மீசைய எடுத்துடறேன்" என்றேன். அப்போது எனக்கு நல்ல மீசை.

மறுநாள் சேவூருக்கு மிதித்தேன். வீட்டில் முன்கூடம் முழுக்கத் தறி. பாதி நெய்த சேலையை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அக்கா தறிக்கு எதிரில் ராட்டினத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தது. நெய்கிறவர் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவில் போடுவதற்குச் சின்னக் குச்சியில் இழை சுற்றித் தருவது, அதுதான் தார். இருபது வருஷமாக மாமா நெய்வார், அக்கா சுற்றித் தரும். இப்போது நெய்ய ஆள் இல்லை. பக்கத்தில் கூடை நிறையச் சுற்றிய தார். இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கூடையைப் பார்த்ததும் நடேசன் சொன்னது எனக்கு விளங்கிவிட்டது.

பிளக் பாயிண்ட் தறிப் பக்கம்தான் இருந்தது. நான் தறிக்குழி மேல் பலகையைப் போட்டு டிவியை அங்கே தூக்கி வைத்தேன். "அது அவுரு குந்தற எடம்பா" என்று ஒரு அம்மா மெல்லச் சொன்னார். "ஒயரு எட்டாதுங்க" என்றேன். அவ்வளவுதான் என் புத்தி.

தெருவே வந்துவிட்டது. சாவு வீடு என்பதால் யாரும் பேசவில்லை, பாய் விரித்து நெருக்கி உட்கார்ந்தார்கள். என்னிடம் இருந்ததிலேயே பலமான கேசட்டைப் போட்டேன். புருஷன் சாகிறான், பெண்டாட்டி விழுந்து புரள்கிறாள். பத்தாவது நிமிஷத்தில் கூடம் முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். நடேசனே தேம்பினார். அக்கா ராட்டினத்தை நிறுத்தவில்லை. என் வழக்கப்படி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உதடு இழுக்கவில்லை. இரண்டாவது கேசட்டு, தாய் சாகிற படம். ஒன்றுமில்லை. நடுவில் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்து, "காபி குட்சியா தம்பி?" என்றது.

அதுவரைக்கும் மீசைதான் என் கவலை. அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பயம் வந்தது. இந்த அம்மா எங்கேயோ போய்விட்டது, திரும்பி வராமலே போகலாம் என்று பட்டது.

மூன்றாவது கேசட்டைப் போட்டால் படம் கோடு கோடாக ஓடியது. டெக்குக்குள்ளே நாடாவைப் படிக்கிற ஹெட்டில் அழுக்கு. புது ரூபாய் நோட்டால் ஹெட்டைத் துடைத்துவிட்டு, சரியாகிவிட்டதா என்று பார்க்க, அதற்கென்றே வைத்திருந்த பழைய கேசட்டைச் சொருகினேன். பல படத்துத் தமாஷ் துண்டுகள் அதில் இருக்கும். ஒரு ஆள் பெஞ்சு ஒன்றை வாசல் வழியாக வெளியே எடுக்கப் பார்க்கிறான். நீளவாக்கில் வராது, குறுக்கு வாக்கில் வராது, கடைசியில் பெஞ்சை விட்டுவிட்டு வாசற்காலைப் பெயர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போகிறான். நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குழந்தை கெக்கலித்தது. அடக்கப் பார்த்த அம்மாவும் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், மூன்று வாரத்துக்கு மேலாகச் சிரிக்காத தெரு, இரண்டு படம் அழுது களைத்த தெரு, மொத்தமாக வெடித்தது. நடேசன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

பிறகு எல்லோரும் நிறுத்தினார்கள்.

யாரும் சொல்லி நிறுத்தவில்லை. பழக்கம். கன்னியப்பன் சிரிக்க வேண்டிய இடம் அது. நானும் அடுத்த துண்டு வருவதற்குள் டெக்கை நிறுத்தி, பழைய சோடாக்காரன் மாதிரி நடுக்கூட்டத்தைப் பார்த்தேன். கூடம் முழுக்கக் காத்திருந்தது. என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் உறைத்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ராட்டினம் நின்றிருந்தது.

அக்கா தறிக்குழிப் பலகையைப் பார்த்தது. "இன்னாய்யா" என்றது, முழங்கையை இடிக்கிற மாதிரி லேசாக அசைத்து. "எல்லாரும் சிரிச்சாச்சுய்யா."

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன். பெண்கள் எழுந்து ஓடிப் பிடித்துக்கொண்டார்கள். தார்க்கூடை கவிழ்ந்து உருண்டது. நான் அன்று முகத்தைப் பார்க்கவில்லை. ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த ஹெட்டை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சேவூர் அம்மாவை நான்தான் அழ வைத்தேன்" என்று இருபது வருஷம் டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். மீசையை முறுக்கிக்கொண்டு சொல்வேன். நான் எங்கே அழ வைத்தேன்? எத்தனையோ பேர் சேர்ந்து சும்மா இருந்ததால் வந்தது அது.

டெக்குத் தொழில் சீடி வந்ததும் செத்தது. கேசட்டுகளைச் சேவூர் விவசாயி ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். நாடாவை உருவி நெல் வயலில் குறுக்கும் நெடுக்கும் கட்டினார், குருவி விரட்ட. காற்றில் அது விர்ர் என்று அழும். என்னுடைய சாவுப் படங்களும் தமாஷ் துண்டும் அந்த வயலில்தான் வெயிலில் வெளுத்து அறுந்துபோயின. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது.

அதற்கெல்லாம் பிறகு ஒரு நாள் சுலோசனா அக்கா கடைக்கு வந்தது, டவுன் பஸ்ஸில், தனியாக. தலை முழுக்க வெளுத்திருந்தது. மிக்சி பார்க்க வந்ததாகச் சொன்னது. மிக்சியைப் பார்க்கவில்லை.

"அந்தப் பெஞ்சு தூக்கற தமாஷு இன்னும் கீதா தம்பி?"

"எல்லாம் இப்ப போன்ல கீதுக்கா. உக்காருங்க" என்று சொல்லி, பெருமையாகத் தேடி எடுத்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, போனை நடுவில் சாய்த்து வைத்தேன். ஆள் வாசற்காலைப் பெயர்த்தான். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் ஏதோ சோப்பு விளம்பரம் குதித்து வந்து கத்தியது.

"அங்க கொஞ்சம் நிறுத்தேன்" என்றது அக்கா.

மறுபடி போட்டேன். இந்தத் தடவை விரல் தப்பி, வேறு ஒரு படம் ஓட ஆரம்பித்துவிட்டது. மூன்று மாடி நிறைய மெஷின் விற்கிறவன், ஒரு போனை நிறுத்தத் தெரியாமல் வியர்த்தேன்.

"பேஜார் பண்ணிக்காத. வுடு தம்பி."

"இருங்கக்கா."

மூன்றாவது தடவை, வாசற்கால் தோளில் ஏறியதும் சரியாக நிறுத்திவிட்டேன். அக்காவும் லேசாகச் சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் அடங்கி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம்.